வெப்பியில் பட்டுப் புடவை: படம் இளைத்தது, கரை கலங்கியது

புதிதாக இணையத்தில் புடவைக் கடை போடும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்க படத்தை எல்லாம் வெப்பியா மாத்தித்தான் ஏத்துறீங்களாமே, நானும் மாத்திடட்டுமா?" வெப்பி (WebP) என்பது ஜேபெக் (JPEG) போல இணையத்துக்குப் படத்தைச் சுருக்கி வைக்கும் ஒரு கோப்பு வகை. ஒரே வார்த்தையில் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சில வருடங்களாக இதே வேலையாக இருக்கிறேன். இதில் எனக்குப் பெரிய சந்தோஷமும் உண்டு, ஆறாத ஒரு கோபமும் உண்டு.

சித்தப்பா காஞ்சிபுரத்தில் நெய்கிறார். படமெடுத்துத் தளத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. உடல், கரை, முந்தி, ரவிக்கைத் துணி என்று ஒரு புடவைக்கே ஐந்தாறு படம் வந்துவிடும். பட்டின் இழையும் ஜரிகையின் மினுக்கும் படம் முழுக்க நுணுக்கமாக நிறைந்திருப்பதால் ஜேபெக்கில் எளிதில் சுருங்காது. 1600 பிக்சல் அகலத்தில் பார்க்கும்படி வைத்தால் ஒரு படம் 500 கேபி பக்கம் நிற்கும். அதையே வெப்பியில் போட்டால் 350க்கு இறங்கிவிடுகிறது. ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் குறையும் என்று அதை உருவாக்கியவர்கள் சொல்வது என் படங்களுக்கும் சரியாகவே வருகிறது. சிக்னல் சரியில்லாத ஊரிலிருந்து பார்ப்பவர்கள், முன்பெல்லாம் பாதிப் படம் வந்ததும் மூடிவிட்டுப் போவார்கள். இப்போது முந்திவரை பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள். இந்தப் பலனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இங்கே ஒன்று. ஃபார்மட்டை மாற்றும் முன் படத்தின் அகல உயரத்தைக் குறையுங்கள். போன் எடுக்கும் 4000க்கு 3000 படத்தில் 1.2 கோடி பிக்சல். 1600க்கு 1200 ஆக்கினால் அதில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. பெரும் எடை அங்கேயே இறங்கிவிடும், வெப்பி தருவது அதற்கு மேல் கிடைக்கிற லாபம். மாற்றும்போது போனில் எடுத்த அசலிலிருந்தே மாற்றுங்கள். ஏற்கெனவே நசுக்கிய ஜேபெக்கை மறுபடி நசுக்கினால் இரண்டு சேதமும் சேர்ந்துகொள்ளும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

பச்சை உடல், சிவப்புக் கரை, ஓரத்தில் பல்பல்லாகப் போகும் தாழம்பூ ரேக்கு. படத்தை ஏற்றிய அன்றே ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, கரையில சாயம் இறங்கியிருக்கா?" பட்டு விற்பவனிடம் இதைவிட மோசமான கேள்வி கிடையாது. புடவையை எடுத்துப் பார்த்தால் கரை கத்தியால் வெட்டியது போல் துல்லியமாக இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் சேரும் இடத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு கலங்கல். ரேக்கின் பற்கள் மழுங்கிக் கிடக்கின்றன. அந்த அம்மா பார்த்ததில் தவறே இல்லை.

காரணம் இதுதான். படத்தைச் சுருக்கும்போது வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் வெளிச்சம் பிக்சலுக்கு ஒன்றாக இருக்கும், நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றாகிவிடும். 4:2:0 என்று இதற்குப் பெயர். முகமோ மரமோ வானமோ என்றால் யாருக்கும் தெரியாது. மாம்பழ மஞ்சள் உடலில் அரக்குக் கரை என்றாலும் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் இரண்டுக்கும் வெளிச்சத்திலேயே வித்தியாசம் இருக்கிறது, விளிம்பை அது காப்பாற்றிவிடும். வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் ஆபத்து. அங்கே விளிம்பைச் சொல்வதற்கு நிறத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை, அந்த நிறத்தைத்தான் சுருக்கிவிடுகிறார்கள்.

நியாயமாகச் சொன்னால் ஜேபெக்கும் பல மென்பொருள்களில் சொல்லாமலே இதைத்தான் செய்கிறது. ஆனால் ஜேபெக்கில் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது. கிம்ப் என்ற பட மென்பொருளில் சேமிக்கும்போது 4:4:4, அதாவது நிறமும் பிக்சலுக்கு ஒன்று, என்று தேர்ந்தெடுக்கலாம், இர்ஃபான்வியூ என்ற இன்னொன்றில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். சேதத்தோடு சுருக்கும், அதாவது சில விவரங்களைக் கைவிட்டுச் சிறிதாக்கும் வெப்பியில் அந்த வழியே கிடையாது. அது விபி8 என்ற வீடியோ முறையின் ஒற்றை ஃப்ரேமிலிருந்து பிறந்தது, அந்த முறைக்கு 4:2:0 மட்டும்தான் தெரியும். தரத்தை 80லிருந்து 95க்கு ஏற்றிப் பார்த்தேன். கோப்பு பெருத்தது, கலங்கல் அப்படியே இருந்தது.

சித்தப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கோர்வை எங்கடா?" என்றார். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் வந்து சேரும் அந்த இணைப்புக்காக தறியில் குறுக்கிழை ஓட்டும் நாடா மூன்று ஓட வேண்டும், தறியில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். கோர்வைப் புடவையின் விலையே அதில்தான் இருக்கிறது. 150 கேபி மிச்சம் பிடிப்பதற்காக அந்த ஒரு கோட்டை நான் அழித்து விற்க வேண்டுமா? எனக்கு இன்றுவரை இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. வெப்பிக்கு மாற்றும் சிவெப்பி கருவியில் ஷார்ப் ஒய்யூவி என்று ஒரு தேர்வு உண்டு. கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு நிறத்தைக் கவனமாகச் சுருக்கும். கலங்கல் கணிசமாகக் குறைகிறது, போய்விடுவதில்லை. ஸ்க்வூஷ் என்ற இணையக் கருவியில் அசலையும் மாற்றியதையும் நடுவே ஒரு கோட்டை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். படம் நம் கணினியை விட்டு வெளியே போவதும் இல்லை. கரையை அதில் பெரிதாக்கிப் பார்க்காமல் எந்தப் புடவையையும் ஏற்றாதீர்கள். எதையும் கைவிடாமல் சுருக்கும் சேதமில்லாத வெப்பி என்ற வகை நிறத்தை அப்படியே வைத்திருக்கும், ஆனால் கோப்பு ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெருக்கும். லோகோ, விலை அட்டை மாதிரி எழுத்தும் தட்டை நிறமும் உள்ள படங்களுக்கு மட்டும் அது பிரமாதம், பிஎன்ஜியைவிடச் சிறிதாகவே வரும். ஏவிஐஎஃப் (AVIF) என்ற இன்னொரு கோப்பு வகையில் 4:4:4 உண்டு, கரை அழகாக வருகிறது. ஆனால் மாற்ற ஆகும் நேரம் பொறுமையைச் சோதிக்கிறது, 2022க்கு முந்தைய ஐபோன் உலாவிகளில் திறக்கவும் செய்யாது. எங்களிடம் வாங்குபவர்களில் பழைய போன் வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

சின்னத் தொல்லைகளும் உண்டு. படம் எடுத்த தேதி முதலான விவரங்களைச் சிவெப்பி தானாகவே கழற்றிவிடும், மெட்டாடேட்டா வேண்டும் என்று கேட்டால்தான் தரும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு வெப்பி அனுப்பினால் திரும்ப ஜேபெக் கேட்பார்கள். 2022க்கு முந்தைய போட்டோஷாப்பில் செருகுநிரல் போடாமல் அது திறக்காது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நண்பருக்குக் கடைசியில் எழுதியது இதுதான்: காட்டனோ லினனோ விற்கிறீர்கள் என்றால் இன்றே வெப்பிக்கு மாறுங்கள். கோர்வைப் பட்டு விற்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம், 4:4:4 ஜேபெக்கே போடுங்கள், கொஞ்சம் மெதுவாகத் திறந்தாலும் பரவாயில்லை. "அப்போ உங்க தளத்துல?" என்று கேட்டார். முழுப் புடவைப் படங்கள் ஷார்ப் ஒய்யூவி போட்ட வெப்பியிலேயே இருக்கின்றன, கரையின் நெருக்கப் படம் மட்டும் ஜேபெக். கேபி குறைந்ததால் வந்த வாடிக்கையாளர்களை இழக்க எனக்கும் மனசில்லை.