சாதா ஃபேனா, பிஎல்டிசி ஃபேனா?

கடையில 1,700 ரூபாய்க்கு ஒரு சீலிங் ஃபேன் தொங்கும், பக்கத்துலயே ரிமோட்டோட 3,000 ரூபாய்க்கு பிஎல்டிசி (பிரஷ்லெஸ் டிசி மோட்டார்) ஃபேன் ஒண்ணு, ரெண்டுமே இறக்கை வீச்சு 1200 எம்எம் தான், காத்தும் கிட்டத்தட்ட அதே தான். கூடுதல் காசு உள்ள இருக்கிற மோட்டாருக்கு.

சாதா ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுமார் 75 வாட் இழுக்கும், அதுல பாதிக்கு மேல காத்தா மாறுறதே இல்ல. சுத்துற பாகத்துல சொந்தமா காந்தம் கிடையாது, காயில்ல போற கரண்ட் அதுக்குள்ளயும் ஒரு கரண்ட்டைத் தூண்டி விட்டுத்தான் காந்தமாக்கிச் சுத்த வைக்குது, அந்த வேலையில ஏகப்பட்டது சூடா போயிடுது. ராத்திரி முழுக்க ஓடின ஃபேனை நிறுத்திட்டு நடு உருண்டையைத் தொட்டுப் பாருங்க, மே மாசத்துல அந்தச் சூட்டையும் நம்ம ரூமுக்குள்ள தான் விடுது. பிஎல்டிசில நிரந்தர காந்தமே இருக்கு, ஒரு சின்ன போர்டு ஏசியை டிசியாக்கி காயில்களுக்கு மாத்தி மாத்திக் குடுக்கும், 30 வாட் சொச்சத்துல வேலை முடிஞ்சிடும்.

தினமும் 15 மணி நேரம் ஓடுற ஃபேன்னா, ரெண்டு மாச பில்லுல ஒரு ஃபேனுக்கே சுமார் 40 யூனிட் மிச்சம். நம்ம தமிழ்நாட்டுல 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாபோட ரேட்டும் சேர்ந்து ஏறுது, அதனால எல்லைக்கோட்டுல நிக்கிற வீட்டுக்கு அந்த 40 யூனிட் பெரிய விஷயம். லோ வோல்டேஜ்ல சாதா ஃபேன் நொண்டும், பிஎல்டிசி அசராம ஓடும், இன்வெர்ட்டர் பேட்டரியும் கூட நேரம் தாங்கும்.

ரிப்பேர்னு வந்தா சாதா ஃபேன் தான் ராஜா. மெதுவா சுத்துதா, 2.5 எம்எஃப்டி கெபாசிட்டரை மாத்தினா போதும், காயில் எரிஞ்சாலும் தெருமுனை கடையில ரீவைண்டிங் பண்ணிடலாம். பிஎல்டிசில போர்டு போச்சுன்னா கம்பெனி ஆளு வர்ற வரைக்கும் கை விசிறி தான், ஸோ வாரண்டியைப் பாக்காம வாங்காதீங்க. பிஎல்டிசியை மாட்டும்போது சுவத்துல இருக்கிற ரெகுலேட்டரைக் கழட்டிட்டு நேரா சுவிட்ச்சுக்கு லைன் குடுக்கச் சொல்லுங்க, எலக்ட்ரீஷியன் சில பேர் அப்படியே விட்டுட்டுப் போயிடுறாங்க.

என்னைக் கேட்டா ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் பிஎல்டிசி, சொந்தக்காரங்க வந்தா மட்டும் திறக்கிற ரூமுக்கு இருக்கிற பழசே போதும், அங்க மிச்சமாகுற யூனிட்ல போட்ட காசு இப்போதைக்குத் திரும்பாது.