கேட்காமல் கிடைத்த பாட்டுகள்

குளச்சலில் எங்கள் வீட்டு அலமாரியில் 143 கேசட்டுகள் இருக்கின்றன. முதலாவதை 1988-இல் வாங்கினேன். இத்தனை வருடம் கேட்டபிறகு எது நின்றது, எது அலுத்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பாதிக்கு மேல் நாகர்கோவிலில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியவை. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. நம் கணக்கு என்றைக்கும் சரியாக வராது. கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சும். கடைக்கார அண்ணன் அதை வெறுமனே விடமாட்டார். “மக்கா, பின்னால கொஞ்சம் இடம் கெடந்து. ஒரு பாட்டு போட்டிருக்கேன், கேட்டுப் பாரு” என்பார். நான் எழுதிக் கொடுத்ததில் பாதி அலுத்துவிட்டது. அவராகப் போட்டது ஒன்றுகூட அலுக்கவில்லை.

அப்படி முதலில் வந்தது, 1965-இல் வெளியான ‘செம்மீன்’ படத்தின் ‘மானச மைனே வரூ’. நான் கேட்டிருந்தது முழுக்க இளையராஜா. ஏ பக்கம் முடியும் நேரத்தில் திடீரென்று மன்னாடேயின் குரல். எங்கள் ஊரில் மலையாளம் யாருக்கும் அந்நியமில்லை. 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தானே. ஆனால் மலையாளிக் கடற்கரையின் சோகத்தை வங்காளத்துக்காரர் ஒருவர் பாட, இன்னொரு வங்காளியான சலீல் சௌத்ரி இசையமைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. வரிகள் மலையாளக் கவிஞர் வயலாருடையவை. ஜன்னலுக்கு வெளியே எங்கள் கடல் இரைந்துகொண்டிருந்தது. அன்று அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடவே மனம் வரவில்லை.

அதே கை தமிழிலும் இருக்கிறது. ‘அழியாத கோலங்கள்’ படத்தின் ‘பூவண்ணம் போல நெஞ்சம்’ பாட்டை நான் வெகுகாலம் யார் இசை என்று தெரியாமலே கேட்டுவந்தேன். மெட்டு நாம் நினைக்கும் இடத்தில் இறங்காமல், வேறு ஒரு படியில் மெல்லக் கால் வைக்கும். சலீல் சௌத்ரி என்று தெரிந்த நாளில் இரண்டையும் அடுத்தடுத்து மூன்று முறை கேட்டேன். ஜெயச்சந்திரனும் சுசீலாவும் குரலை உயர்த்தாமலே பாடும் விதத்துக்கு இன்னும் ஈடு காணவில்லை.

இன்னொரு கேசட்டின் கடைசியில் நாகூர் ஹனிபாவின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. நாங்கள் கோயிலில் கீர்த்தனை பாடி வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அம்மை மீன் வெட்டும்போது கீர்த்தனைக்கு அடுத்தபடி அதிகம் முணுமுணுத்தது இந்தப் பாட்டைத்தான்.

காசு கொடுத்து வாங்கியவற்றில் எனக்கு அதிகம் பொறுமை தேவைப்பட்டது, இளையராஜாவின் 1986 தொகுப்பான ‘ஹௌ டு நேம் இட்’. பாட்டே இல்லை, வயலின்தான். முதல் இரண்டு வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனி ஆடிச் சாரலில் மின்சாரம் போன ஒரு மாலை, பேட்டரியில் ஓடவிட்டுக் கேட்டபோது எல்லாம் தெளிந்தது. ஏன் என்று விளக்கத் தெரியவில்லை, அப்படித்தான் நடந்தது. ஏமாந்ததும் உண்டு: பஸ் நிலையத்தில் வாங்கிய ஒரு தொகுப்பில் அட்டையில் ஒரு பாடகர் படம், உள்ளே வேறு யாரோ பாடியிருந்தார்கள்.

பராமரிப்பு பற்றியும் சொல்லவேண்டும், கடற்கரை ஊரில் இது சின்ன வேலை இல்லை. உப்புக்காற்றில் பிளேயரின் திருகாணி துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தவை பிழைத்தன. வருடத்துக்கு இரண்டு முறை முழுவதும் ஓட்டித் திரும்பச் சுற்றுகிறேன். பிளேயரில் டேப் உரசிப்போகும் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன். பெல்ட் மூன்று முறை மாற்றியாயிற்று; பாட்டு இழுவையாகக் கேட்டால் பெரும்பாலும் அதுதான் காரணம். சி-120 வாங்காதீர்கள். டேப் மெல்லியது, உருளையில் சிக்கிக்கொள்ளும்.

பழைய கேசட்டுகளில் ஒரு விசித்திரம்: பாட்டு தொடங்குவதற்கு ஓரிரு நொடி முன்பே அதன் முதல் சத்தம் மிக மெலிதாகக் கேட்கும். சுற்றி இருக்கும் டேப்பில் ஓர் அடுக்கின் காந்தப் பதிவு பக்கத்து அடுக்கில் ஒட்டிக்கொள்வதால் வருவது. குறைதான், எனக்கு மிகவும் பிடித்த குறை.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியும் வைத்திருக்கிறேன். சத்தம் சுத்தமாக இருக்கிறது, சரி. ஆனால் அங்கே வரிசை கலைந்துவிடுகிறது. ஒரு இளையராஜா பாட்டு முடிந்ததும் என் காது மன்னாடேக்காகக் காத்திருக்கிறது, வேறு எதுவோ வருகிறது. அதனால் இரவில் கேசட்டைத்தான் போடுகிறேன். அட்டையில் என் பட்டியலுக்குக் கீழே, அண்ணன் நீல மையில் சேர்த்து எழுதிய வரி இன்னும் மங்கவில்லை.