களியக்காவிளைப் பக்கம் பிள்ளைகளை கராத்தே, களரி வகுப்பில் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

களியக்காவிளை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளைத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்க்க நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என் மகனைச் சேர்த்த இடத்தின் பெயரை நான் போடவில்லை. கராத்தே, குங்ஃபூ, களரி, அடிமுறை (நம் குமரிப் பக்கத்துச் சண்டைக் கலை), வர்மம் (உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றிய வித்தை) எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

என் மகனுக்கு 11 வயது. "அக்கா, ஒரே வருஷத்துல பையன் பிளாக் பெல்ட் வாங்கிருவான். வர்மமும் சேர்த்துச் சொல்லிக் குடுத்துடுறேன்" என்றார் மாஸ்டர். சேர்க்கைக்கும் மூன்று மாத ஃபீஸுக்கும் 6,500 ரூபாய். யூனிஃபார்ம் அவர்களிடமே வாங்க வேண்டும், அதற்கு 2,200. முதல் மாதம் முடிவதற்குள் அடிமுறை மஞ்சள் பெல்ட் டெஸ்ட் என்று இன்னொரு 1,500.

அடிமுறைக்கு ஏது மஞ்சள் பெல்ட்? நம் குமரி மாவட்டத்து ஆசான்மார் வெற்றிலை பாக்கும் தட்சணையும் வாங்கிக்கொண்டு, சுவட்டில், அதாவது காலடி வைக்கும் முறையில், தொடங்கிச் சொல்லிக் கொடுத்த கலை அது. கலர் பெல்ட் ஜப்பானிய ஜூடோவில் தொடங்கி கராத்தேக்கு வந்த வழக்கம். களரியை எடுத்துக்கொண்டாலும் வடக்கன் (வட கேரள) முறையில் முதலில் மெய்த்தாரி என்ற உடற்பயிற்சி, அப்புறம் கோல்த்தாரி என்ற கம்புப் பயிற்சி, அங்கத்தாரி என்ற உலோக ஆயுதப் பயிற்சி, கடைசியில்தான் வெறுங்கை. தெக்கன் (தெற்கத்தி) முறையில் தொடக்கமே வெறுங்கையும் சுவடும்தான். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் கலந்து சொல்லித் தருபவருக்கு இரண்டில் ஒன்றாவது முறையாகத் தெரியுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வர்மம்தான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது. எந்த ஆசானும் பல வருடம் ஒருவனுடைய குணத்தைப் பார்த்த பிறகே அதைத் தொடுவார். அடிபட்டவனை மீட்கும் 'அடங்கல்' என்ற முறையும் வைத்தியமும் சேர்ந்துதான் அந்தப் படிப்பு. சின்னப் பிள்ளைக்கு விளம்பரத்தில் விற்கிற பொருள் இல்லை.

புதிதாகச் சேர்ந்த பையனை, உடம்பைக்கூடச் சூடுபடுத்தாமல், பத்தாம் வகுப்புப் பையனோடு மோதவிட்டார்கள். கீழே விழும் முறைகூடச் சொல்லித் தரவில்லை. ஜூடோவில் முதலில் கற்றுத் தருவதே அதைத்தான். விழுந்ததில் கணுக்கால் புரண்டுவிட்டது. "வர்மம் தடவினா சரியாகிடும்" என்று வீங்கிய இடத்தையே அழுத்தித் தேய்த்திருக்கிறார் மாஸ்டர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு இல்லை, தசைநார் சுளுக்கு. தேய்க்கவே கூடாது என்று டாக்டர் சத்தம் போட்டார். வகுப்பு நடக்கும்போது பெற்றோரை உள்ளே விடாததால் இதெல்லாம் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். வித்தை வெளியே போய்விடுமாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைக் காட்டினார்கள். அதில் கட்டணம் என்று இல்லை, 'நன்கொடை' என்று அச்சடித்திருக்கிறது. நன்கொடையைத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

கராத்தேயோ சிலம்பமோ அடிமுறையோ, பிள்ளைக்குப் பிடித்த ஒன்றைப் பாருங்கள். ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா, ஆசான் யாரிடம் படித்தார் என்று நேராகச் சொல்கிறாரா என்று கேளுங்கள். மாதா மாதம் மட்டும் கட்டுங்கள். கோடை விடுமுறைச் சேர்க்கை என்று அதே ஆட்கள் இப்போது எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலைப் பக்கமும் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அங்கே சொந்தக்காரர் இருந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.