ஐந்து சென்ட் பூண்டு: மண்டிக்கா, விதைக்கா, தாளுக்கா?

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் நிலம் இருக்கிறது. அதில் விளையும் பூண்டைச் சமையல் பூண்டாக மண்டிக்கு அனுப்பலாம். விதைப்பூண்டாகக் காத்திருந்து விற்கலாம். பூண்டு திரளும் முன்பே, வெங்காயத்தாள் போலப் பச்சைத் தாளாக அறுத்து விற்பது மூன்றாவது வழி. முதல் இரண்டையும் நான் செய்கிறேன். மூன்றாவதைச் சென்னையில் என் தங்கை மொட்டைமாடியில் செய்கிறாள்.

எந்த வழியானாலும் பெரிய செலவு விதைதான். ஒரு பல் நட்டால் ஒரு பூண்டு, அவ்வளவே. வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 10 செ.மீ. என்று ஊன்றினால் சதுர மீட்டருக்கு 60 பல்லுக்கு மேல் பிடிக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு 6 முதல் 8 டன். சென்ட்டுக்கு 24 முதல் 32 கிலோ. ஐந்து சென்ட்டில் நன்றாக விளைந்தாலும் 160 கிலோ. அதனால் எவ்வளவு விளைகிறது என்பதைவிட, யாரிடம் எந்த மாதத்தில் விற்கிறோம் என்பதுதான் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

மண்டிக்கு அனுப்புவது எளிது. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டி பூண்டுச் சந்தை இருக்கிறது. எவ்வளவு கொண்டுபோனாலும் எடுத்துக்கொள்வார்கள், பணமும் சீக்கிரம் கைக்கு வரும். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் விலை நம் கையில் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கம் விளைச்சல் பெருகினால் இங்கே சரிகிறது. 2022இல் அந்த விவசாயிகளுக்கே பறிப்புக் கூலி தேறவில்லை. 2024 தொடக்கத்தில் அதே பூண்டு கடைகளில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தை ஐந்து ஏக்கர்காரர் தாங்குவார். மூன்று, நான்கு மூட்டை கொண்டுபோகிறவருக்கு வண்டி வாடகையும் கமிஷனும் போனால் மிஞ்சுவது சொற்பம்.

விதைப்பூண்டுதான் என் தேர்வு. அதற்குக் காரணம் பூண்டின் உறக்கக் காலம். பறித்த பூண்டு இரண்டு மூன்று மாதம் முளைக்காது. இது தெரியாமல் ஒரு வருடம், ஜூனில் நட்டு அக்டோபரில் பறித்ததையே அந்த மாதக் கடைசியில் ஐப்பசி நடவுக்கு ஊன்றினேன். மூன்று வாரமாகியும் பாத்தியில் பச்சை தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "பல்லை அறுத்துப் பார்த்தாயா, தம்பி?" என்று கேட்டார். ஒரு பல்லைத் தோண்டி எடுத்து நெடுக்காக வகிர்ந்து காட்டினார். நடுவில் வெளிறிய முளை, அடியில் ஒட்டிக்கொண்டு அரிசியளவுதான் இருந்தது. அந்த முளை பச்சை ஏறி, பல்லின் பாதி உயரத்தைத் தாண்டிய பிறகே நட வேண்டும். இப்போது பத்துப் பல்லை வகிர்ந்து பார்க்காமல் நான் பாத்தி கட்டுவதில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் பறிப்பதைத் தாளோடு கொத்தாகக் கட்டி, அடுப்புப் புகை படும் பரணில் தொங்கவிடுகிறோம். ஜூன் நடவுக்குள் உறக்கம் கலைந்துவிடும். ஊரில் எல்லோரும் விதை தேடும் மாதமும் அதுதான். வட மாநில வியாபாரிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து நீலகிரிப் பூண்டை விதைக்கென்றே வாங்கிப் போகிறார்கள். விதை என்றால் விலை வேறு.

பொறுப்பும் அதிகம். நூற்புழுவும் அழுகலும் பல்லோடு சேர்ந்தே அடுத்தவர் நிலத்துக்குப் போகும். பாத்தியில் ஒரு செடி மஞ்சளித்துச் சாய்ந்தால் அதைச் சுற்றியுள்ளவற்றையும் விதைக்கு வைக்கக் கூடாது. பூண்டைக் கவிழ்த்து அடித்தட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் விதை, கொஞ்சம் அமுங்கினாலும் விலக்கு. இப்படிக் கழித்தால் விளைந்ததில் பாதிகூட விதைக்குத் தேறாது. தொங்கும் காலத்தில் எடையும் குறையும். அந்த மூன்று மாதம் கையில் காசு இல்லாமல் ஓட்ட முடியாதவர் மண்டிக்குப் போவதே சரி. அதில் தவறொன்றும் இல்லை.

பச்சைத் தாள் சமவெளிக்காரருக்கு. பல் பிரிய முதலில் குளிர் வேண்டும், பிறகு பகல் நீள வேண்டும். குளிர் போதாவிட்டால் ஒற்றைக் குமிழாக நின்றுவிடும். சென்னை மாடியில் பூண்டு விளைவிக்க ஆசைப்பட்டு மண்ணும் உரமும் வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தாள் அப்படியல்ல. நவம்பரில் பைகளில் நெருக்கி ஊன்றினால் 40 நாளில் அறுக்கலாம். நம் சமையலில் அது அதிகம் புழங்குவதில்லை; சௌகார்பேட்டையில் குஜராத்திக் குடும்பங்கள் குளிர்காலத்தில் தேடி வாங்குகின்றன. வாங்குபவரை முதலில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அறுத்த அன்றே வாடத் தொடங்கிவிடும்.

ஐப்பசி நடவுக்குப் பல் உடைக்கும்போது எங்கள் வீட்டில் இரண்டு முறம் இருக்கும். வெளிவட்டத்துப் பெரிய பற்கள் பாத்திக்கு. உள்ளே ஒடுங்கிக் கிடக்கும் சின்னப் பற்கள் விதைக்கு உதவாது, தாளுக்குப் போதும். அவை ஒரு துணிப்பையில் தங்கைக்கு பஸ்ஸில் போகின்றன.