ஒரு கம்பஸின் மாணவர் உதவி அறை: 5க்கு 2

யாழ்ப்பாணத்தில் ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் மாணவர் உதவி அறைக்கு, பாலியல் வன்முறை பற்றிச் சொல்வதற்காக என் தோழியோடு இரண்டு தடவை போனேன். நிறுவனத்தின் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அவள் யாரென்று ஊர் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடும். இதை எழுதச் சொன்னதே அவள்தான், வாசித்துப் பார்த்து இரண்டு வரியை வெட்டியும் விட்டாள்.

முதல் தடவை போனது சம்பவம் நடந்த மறுநாள். அறை வாசலில் ஒரு மேசை, மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி. பெயர், பதிவிலக்கம், நேரம், வந்த காரணம் என்று சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தது. "தங்கச்சி, இதில எழுதிப்போட்டு இருங்கோ" என்றார் அங்கிருந்த அண்ணை. அவள் பேனையை எடுத்தாள். மேல் வரியில் வேறொரு பிள்ளையின் முழுப்பெயர், பக்கத்தில் 'விடுதிப் பிரச்சினை, தனிப்பட்டது'. பேனையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள், நானும் பின்னால் வந்தேன்.

அந்த அண்ணை நல்ல மனுசன்தான். ஆனால் அவரும் அவளின் சித்தப்பாவும் ஒரே கோயில் திருவிழாவில் நிற்பவர்கள். "உங்கட பிள்ளையை அங்க கண்டனான்" என்று அவர் அக்கறையோடு ஒரு வார்த்தை சொன்னாலே போதும், வீட்டில் கேள்வி தொடங்கிவிடும்.

ஒன்பது நாள் கழித்து, நான் ஏற்கெனவே போனில் பேசி வைத்து, கொப்பியில் எழுதாமல் உள்ளே போனோம். உள்ளே இருந்த உளவளத்துணையாளருக்கு மட்டும் என்றால் 5க்கு 5 கொடுப்பேன். அவள் வாய் திறக்க முன்னமே அவர் சொன்னது இது: "பிள்ளை, நீர் சொல்லுறது இந்த அறையை விட்டுப் போகாது. ஆனா ஆற்றையும் உயிருக்கு ஆபத்தெண்டால், இல்லாட்டி 18 வயசுக்குக் குறைஞ்ச ஆள் சம்பந்தப்பட்டிருந்தால், என்னால தனிய வச்சிருக்க ஏலாது." அதைக் கேட்ட பிறகுதான் அவள் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். தன்னிடம் பேசுவது வேறு, எழுத்தில் முறைப்பாடு கொடுப்பது வேறு என்றும் விளக்கினார். எழுதிக் கொடுத்தால் விசாரிப்பவர்கள் வாசிப்பார்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும், அதனால் விஷயம் அவருக்குத் தெரியவரும். யார் யார் கையில் அந்தக் கடிதம் போகும் என்று ஒரு தாளில் பதவிகளை வரிசையாக எழுதித் தந்தார். அந்தத் தாள் இன்னும் அவளின் பையில் இருக்கிறது.

பிறகு மெதுவாகக் கேட்டார், ஆஸ்பத்திரிக்குப் போனீரா என்று. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. உடுப்பையும் கழுவாமல் கடதாசிப் பையில் வைத்திருந்தால், சான்றுகளைப் பரிசோதிக்கும் டொக்டரான சட்ட வைத்திய அதிகாரிக்கு உதவும். எங்களுக்கு எல்லாமே பிந்திவிட்டது. முதல் நாள் நாங்கள் வாசல் வரை வந்த ஆட்கள், நேரம் இருந்தது! ஒரு கொப்பியால் அது போனது, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

மற்றவை: காத்திருக்கும் கதிரைகள் பரீட்சைப் பகுதி வரிசைக்கு நேர் எதிரே. முறைப்பாடு அனுப்பும் மின்னஞ்சலைத் திறப்பவர் யார் என்று கேட்டோம், ஒருவருக்கும் தெரியவில்லை.

இலங்கையில் பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், 1995 திருத்தத்தோடு வந்த சட்டம். கம்பஸுக்குள் போகப் பயமாக இருந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள், நேரே ஆஸ்பத்திரிக்கும் போகலாம்.

'வந்த காரணம்' என்ற நிரலையாவது எடுத்துவிடுங்கள் என்று கடிதம் கொடுத்தேன். போன கிழமை வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனேன். புதுக் கொப்பி போட்டிருந்தார்கள், அதே நாலு நிரல், அதே சிவப்புப் பேனை.