"ஜீனை ஆஃப் பண்றோம்"னு 27,500 ரூபாய் வாங்கிட்டாங்க: கர்ப்பிணி இருக்கிற வீடு உஷார்!

கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. எதையெல்லாம் பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

என் மனைவிக்கு அப்போ மூணாவது மாசம். எங்க ரெண்டு பக்கமும் சுகர் உண்டு. அதை எப்படித்தான் மோப்பம் பிடிச்சாங்களோ, போனைத் திறந்தாலே எச்சில்ல எபிஜெனடிக் டெஸ்ட் (எந்த ஜீன் ஆன், எது ஆஃப்னு பார்க்கிறதாம்) பண்ற ஒரு ஆன்லைன் கம்பெனி விளம்பரம்தான்.

வீடியோ கால்ல வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மேடம். அவசரமே காட்டல. ரெண்டு எலிப் படம் காட்டினாங்க. ஒண்ணு மஞ்சளா, குண்டா. இன்னொண்ணு பழுப்பா, ஒல்லியா. ஜீன் ஒண்ணுதான், தாய் எலிக்கு ஃபோலிக் ஆசிட், பி12, கோலின், பீட்டெய்ன் கலந்த தீனி போட்டதும் பழுப்புக் குட்டிங்க அதிகமாச்சுன்னாங்க. தேடிப் பார்த்தேன், நிஜம்தான்! 2003-ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல வாட்டர்லேண்டும் ஜர்ட்லும் செஞ்சது. டி.என்.ஏ எழுத்து மாறாது, மேல மீத்தைல்ங்கிற சின்ன வேதித் துணுக்கு ஒட்டி ஜீனை அடக்கும். அங்கதான் நம்பிக்கை வந்துச்சு. உடனே, "உங்க குழந்தைக்கும் சுகர் ஜீனை இப்பவே ஆஃப் பண்ணிடலாம் சார்". ரெண்டு பேருக்கு டெஸ்ட், பிரசவம் வரைக்கும் பவுடர், மொத்தம் 27,500 ரூபாய். ஜிபே பண்ணேன்.

அந்த மேடம் முழுங்கினது என்னன்னா, அந்த எலி வகையில ரோம நிறத்தைத் தீர்மானிக்கிற அகூட்டி ஜீன் பக்கத்துல ஒரு அந்நிய டி.என்.ஏ துண்டு செருகிக் கிடக்கு. மீத்தைல் அடக்குறது அதைத்தான். மனுஷனோட சுகருக்கு அப்படி ஒத்த ஸ்விட்ச் கிடையாது, நூத்துக்கணக்கான இடங்கள்ல இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசம், அது மேல சாப்பாடு, எடை எல்லாம் சேர்ந்து வர்றது. மீத்தைல் ஒட்டுற விதமும் உறுப்புக்கு உறுப்பு வேற. நாங்க துப்பின எச்சில்ல வயித்துப் பிள்ளையோட கணையம் எப்படித் தெரியும்?

ரிப்போர்ட் வந்துச்சு. ரெண்டு பி.டி.எஃப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எனக்கும் அவளுக்கும் வரிக்கு வரி ஒரே நம்பர். முதல் வரி எனக்கு 61.37, அவளுக்கும் 61.37. லேப் பேரு இல்ல, கையெழுத்து இல்ல.

போன் பண்ணா, "ஒரே வீட்ல ஒரே சாப்பாடு சாப்பிடறீங்க சார், மேட்ச் ஆகும்". அப்போ எங்க வீட்டுப் பூனைக்கும் 61.37-தானா? அப்புறம் "சயின்ஸ் டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கோம்". அப்புறம் "கிட்டைப் பிரிச்சுட்டா ரீஃபண்ட் கிடையாது". பிரிக்காம எப்படிய்யா துப்புறது? இதுக்கு நடுவுல அடுத்த பேக்கேஜுக்குத் தள்ளுபடின்னு மெசேஜ் வேற! இப்போ வெறும் ப்ளூ டிக்தான், பதில் இல்ல. 27,500 ரூபாய்ங்க!

பவுடர் டப்பாவை டாக்டரம்மாகிட்ட காட்டினோம். லேபிளைப் படிச்சுட்டு, "ஃபோலிக் ஆசிட் நானே எழுதிக் குடுத்திருக்கேனேம்மா, இது எதுக்கு?"ன்னாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம குடுக்கிற மாத்திரை! அது குழந்தையோட மூளை, தண்டுவடம் சரியா உருவாகிறதுக்கு. சுகரை அணைக்க இல்ல.

சரி, சொல்றேன்னது. சோதனை பண்ற லேப் பேரும், லேப் தரத்துக்குக் குடுக்கிற என்.ஏ.பி.எல் அங்கீகாரமும் கேளுங்க, மழுப்பினா கட் பண்ணுங்க. டாக்டரைக் கேக்காம கர்ப்பிணிக்கு எந்தப் பவுடரும் குடுக்காதீங்க. சாட்டை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, அழிச்சிடுவாங்க. நான் 1915-ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுத்தாச்சு. இதே எலிப் படத்தைக் காட்டி உங்ககிட்டயும் வாங்கியிருந்தா நீங்களும் குடுங்க.