‘விஷமமா இருக்கு’: இதற்கு எத்தனை மார்க்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் எங்கள் பக்கம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எங்கே போனாலும் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். பிள்ளைகள் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள், எழுதுவார்கள். தமிழ் மீடியம் பிள்ளைகள் தங்கள் மனதில் நடப்பதை எவ்வளவு தூரம் உணர்ந்து சொல்கிறார்கள் என்று அளந்து பார்க்க நினைத்தேன். அதற்கு இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிந்தது இது.

முதலில், டிக் அடிக்கும் தாள். டொராண்டோ அலெக்சிதைமியா அளவுகோல், 1994-இல் வந்த வடிவம், 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். மொத்தம் 61-ம் அதற்கு மேலும் வந்தால், தன் உணர்ச்சியைச் சொல்லில் பிடிக்கத் திணறுகிறவர் என்று கணக்கு. கம்ப்யூட்டருக்கு இது வெறும் கூட்டல்தான், ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் தன் மனது தனக்கே பிடிபடாத ஒருவரிடம் போய் ‘உனக்கு அது பிடிபடுகிறதா?’ என்று கேட்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. பெரியவர்களுக்கே அப்படி என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி?

காமிராவை வைத்து முகத்தைப் படிக்கும் மென்பொருளை நான் பரிசீலிக்கவே இல்லை. அது பார்ப்பது முகத்தை. அந்த முகத்துக்குரியவருக்குத் தன் உணர்ச்சி தெரிகிறதா என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் இதை 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. சரியான முடிவு.

மிச்சம் இருப்பது, சொந்த வார்த்தையில் எழுத வைப்பது. ஆய்வாளர்கள் ரிச்சர்டு லேனும் கேரி ஷ்வார்ட்ஸும் 1987-இல் முன்வைத்த கருத்திலிருந்து வந்த அளவுகோல் இது. இருவர் இருக்கும் ஒரு காட்சியைச் சொல்லி, உனக்கு எப்படி இருக்கும், அவருக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்பார்கள். பெரியவர்களுக்கு 20 காட்சிகள், குழந்தைகளுக்கான வடிவத்தில் 12. உடம்பில் தோன்றுவதைச் சொன்னால் 1. ‘ஓடிப் போயிடுவேன்’ போன்ற செயலோ ‘நல்லா இருக்காது’ போன்ற பொதுப்பேச்சோ 2. கோபம், பயம் என்று பெயர் சொன்னால் 3. ஒருவருக்குள்ளேயே இரண்டு வேறுபட்ட உணர்ச்சிகளைச் சொன்னால் 4. தனக்கும் மற்றவருக்கும் தனித்தனியே அப்படிச் சொல்லி, இரண்டும் ஒன்றுபோல் இல்லாமல் இருந்தால் அந்தக் காட்சிக்கு 5. எது சரியான உணர்ச்சி என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

தாள்களைக் கையால் திருத்த நேரம் பிடிக்கும். அதனால், சொற்பட்டியலை வைத்துக் கம்ப்யூட்டரே மதிப்பெண் போடும் முறையைக் கிம்பர்லி பார்ச்சர்டும் லேன் உள்ளிட்ட சிலரும் 2010-இல் வெளியிட்டார்கள். ஆங்கில விடைகளில் அது கைத்திருத்தலுக்கு நெருக்கமாகவே வந்தது. இங்கே என்ன ஆகும்?

நாங்களே ஒரு காட்சி எழுதினோம்: கலோத்சவத்தில் (பள்ளிக் கலைவிழா) நீயும் உன் தோழியும் ஒரே போட்டியில் பாடுகிறீர்கள். அவளுக்கு ஏ கிரேடு, உனக்கு பி. ஒரு பெண் எழுதினாள்: ‘எனக்கு விஷமமா இருக்கும், அவளுக்கு கிடைச்சதுல சந்தோஷமாவும் இருக்கும். அவளுக்கு பெருமையா இருக்கும், என்னைப் பாத்தா சங்கடமா இருக்கும்.’ எங்கள் பக்கத்து ஆள் யார் படித்தாலும் இதற்கு 5 போடுவார்கள். விஷமம் என்றால் இங்கே வருத்தம், மலையாளத்திலிருந்து வந்தது. பொதுத்தமிழ்ப் பட்டியலுக்கு அது குறும்புத்தனம், உணர்ச்சியே அல்ல. அதனால் தனக்கென்று அவள் எழுதியதில் சந்தோஷம் மட்டும் எண்ணப்படும், 3. தோழிக்கு எழுதியதில் இரண்டு உணர்ச்சி, 4. இரண்டில் பெரியதுதான் காட்சிக்கு, ஆக 4 வரும். அவளுடைய வருத்தம் கணக்கிலேயே வராது.

அடுத்த தாளில் ஒரு பையன் ‘வயிறு எரியும்’ என்று எழுதியிருந்தான். சொல்லைச் சொல்லாகப் பார்க்கும் பட்டியலுக்கு அது உடம்பு, 1. தமிழ் தெரிந்தவருக்கு அது பொறாமை, 3. நெஞ்சு அடைக்குது, வயித்துல புளியக் கரைக்குது என்று நாம் உணர்ச்சியை உடம்பை வைத்தே சொல்லிப் பழகியவர்கள். அப்புறம், நம் இலக்கணத்தில் ‘இல்லை’ என்பது வினைக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. ‘பயப்படல’ என்பதில் ‘பய’ மட்டும் பொருத்திப் பார்க்கும் பட்டியல் பயந்தவனாகவே எண்ணும்.

பட்டியலைத் திருத்த முடியாதா? முடியும். ‘விஷமம்’ என்று போடாமல் ‘விஷமமா இருக்கு’ என்று தொடராகப் போட்டேன், ‘விஷமம் பண்றான்’ தப்பித்துக்கொண்டது. தேஷ்யம் (கோபம்), வெப்ராளம் (பதற்றம்) இரண்டையும் சேர்த்தேன். எங்கள் பேச்சில் பேடி என்றால் பயம், அதையும் சேர்த்தேன். இப்படி ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டால் கம்ப்யூட்டர் நல்ல துணை. எத்தனை தாள் போனாலும் அதற்குக் களைப்பு வராது, இன்றைக்கு ஒரு மார்க், நாளைக்கு ஒரு மார்க் என்று மாற்றாது. நான் மாலை ஐந்து மணிக்குத் திருத்தும் தாள் காலையில் திருத்தியதைப்போல இருப்பதில்லை. ஒன்று மட்டும்: வந்த சொற்களையெல்லாம் கூட்டும் கணக்கில் நீளமாக எழுதுகிற பிள்ளைக்கு மார்க் ஏறும், அதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய உரையாடல் ஏஐ, ‘வயிறு எரியும்’ என்பதைப் புரிந்துகொள்ளும். ஆனால் அதே விடைக்கு அடுத்த முறை வேறு மதிப்பெண் கொடுக்கலாம். பிள்ளைகளின் மனதை வெளியே எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்ப எனக்கு மனமும் இல்லை.

ஆகவே நான் எடுத்த வழி: எழுதும் தாள், எங்கள் ஊர்ச் சொற்பட்டியல், பட்டியல் போட்ட மார்க்கும் நான் போட்ட மார்க்கும் ஒத்துப்போகாத தாளை நானே மறுபடி படிப்பது.

ஒத்துப்போன தாளிலும் சில சமயம் நிற்கத் தோன்றுகிறது. ஒரு பையன் ‘ஒரு மாதிரி இருக்கும்’ என்று எழுதியிருந்தான். பட்டியலும் 2 போட்டது, நானும் 2 போட்டேன். மதியம் அவனைக் கூப்பிட்டு, ‘எந்த மாதிரிடா?’ என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். ‘அம்மா வேலைக்குப் போற பஸ் கிளம்புமே டீச்சர், அந்த மாதிரி’ என்றான்.

தாளில் இருக்கும் 2-ஐ நான் மாற்றவில்லை.